காந்தம் ஒட்டாத வண்டி

கைய எடுங்க. ஏனுங், உங்களைத்தான். அந்த வெள்ளை வண்டி மேல இருந்து கைய எடுங்க. ஊருப்பட்ட வண்டி நிக்குது, எல்லாத்தையும் உட்டுப்போட்டு நேரா அதுங்கிட்டயே போறீங்க? அது விக்கறதுக்கில்லீங்க. வெலையும் கேக்காதீங்க. போன வாரம் திருப்பூர்ல இருந்து ஒருத்தன் வந்து இதே மாதிரி கதவத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு நின்னான். தண்ணி பைப்ப எடுத்து அடிச்சுத் தொரத்தாத கொறைதான்.

உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க. எங்கிருந்து வர்றீங்கன்னு நான் கேக்க மாட்டேன். பஸ்ஸுல வந்திருக்கீங்க, வேர்வையப் பாத்தாலே தெரியுது. கார் ஓட்டி வெரல் காய்ச்சிருக்குது. சொந்தமா ஒரு வண்டி வாங்கி டாக்ஸிக்கு உடலாம்னு நெனைக்கறீங்க. என்ன, சரிதானே? மூஞ்சியப் பாத்து ஆள எடை போடறவனுங்க நான். நீங்க வாயே தொறக்க வேண்டாம்.

அந்த வெள்ளை வண்டி எம்பொண்ணு ரஞ்சனியோடது. ஆர்.சி. புக்கு அவ பேர்லதான் இருக்குது. ரெண்டு வருசத்துக்கு முன்னால இங்க கொண்டாந்து நிறுத்திப்போட்டு, ‘நான் வந்து எடுத்துக்கறேன்’னு சொல்லிப்போட்டுப் போனா. வந்து எடுத்துக்கறேன்னா வரோணுமல்லங்க? இந்த வண்டி இங்க நிக்கற வரைக்கும் அவ ஒரு நாளைக்கு வந்துதானே ஆகோணும்? அதுக்குத்தான் நிக்குது. கோடி ரூவா குடுத்தாலும் குடுக்க மாட்டேன்.

சித்தெ பொறுங்க. நீங்க ஏதோ சொல்ல வர்றீங்க, தெரியுது. நான் முடிச்சர்றேன், அப்புறம் சொல்லுங்க.

இந்தப் பல்லடம் ரோட்டுல காந்தக்காரருன்னு கேட்டாத்தான் என்னைக் காட்டுவாங்க. சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா எந்தச் சென்னியப்பன்னு திருப்பிக் கேப்பாங்க. இதா, இந்தக் காந்தந்தான். ஒரு பழைய டைனமோவுல இருந்து கழட்டினது. பழைய வண்டி வாங்க வர்றவன் பளபளப்பப் பாப்பான், சீட்டு கவரப் பாப்பான், பாட்டு போட்டுப் பாப்பான். நான் அதெல்லாம் பாக்கறதில்ல. காந்தத்தக் கதவுல வெப்பேன், பானெட்டுல வெப்பேன், டிக்கியில வெப்பேன். இரும்புன்னா கப்புனு புடிச்சுக்கும். எங்கயோ கொண்டுபோய் மோதி நசுங்கினத மறைக்கறதுக்குப் பட்டி பூசி மேல பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தான்னா, காந்தம் நிக்காது, வழுக்கிட்டு வந்துரும். அப்ப ஒரே ஒரு வார்த்தை சொல்லுவேன். பட்டி. அதோட முடிஞ்சுது. விக்க வந்தவன் கம்முனு வண்டிய எடுத்துட்டுப் போயிருவான், அப்புறம் இந்த ரோட்டுல அந்த வண்டிய ஒருத்தனும் தொட மாட்டான். நான் பெருமைக்குச் சொல்லல. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இப்ப எம் மாப்ளைக்கு வர்றேன். நவநீதன்னு பேரு. படிச்சவரு, மொகத்துல எப்பவும் ஒரு சிரிப்பு, அதப் பாத்தாலே எனக்கு எரியும். காத்தாடிக்கு றெக்கை பண்ற கம்பெனியில நல்ல வேலையில இருந்தாரு. நம்ம உடுமலை பக்கமெல்லாம் நிக்குதல்ல, பெரிய பெரிய காத்தாடி, அதுக்கு றெக்கை. அந்த றெக்கைக்குள்ள பலத்துக்கு ஒரு கருப்புத் துணி வெப்பாங்களாமா. கார்பன் ஃபைபர். பாத்தீங்கன்னா பாய் பின்னினாப்ல பின்னியிருக்கும். பசையில ஊற வெச்சுச் சூடு பண்ணி எறுகிப் போச்சுன்னா இரும்பு தோத்துரும், எடை மட்டும் இருக்காது. பந்தயக் காருக்கும் ஏரோப்ளேனுக்கும் போடற சரக்கு. நீங்களும் நானும் வாங்க முடியாது.

வாங்க முடியாததுன்னா உட்டுரோணுமல்ல? இவன் உடல. றெக்கைக்கு வெட்டினது போக மிச்சம் துண்டு துண்டா குப்பைக்குப் போகுமாமா. அந்தத் துண்டையெல்லாம் அள்ளிக்கிட்டு வந்து, நறுக்கி, மெத்தையாட்டத் தட்டி, பசை ஊத்தி, அச்சுல வெச்சுச் சூட்டோட ஒரு அமுக்கு அமுக்கினா கார் கதவு வந்துருது. அப்படியே பானெட்டு, அப்படியே டிக்கி. பந்தயக் காருக்குப் போடறத டாக்ஸிக்காரன் வாங்கற வெலையில குடுக்கப் போறேன்னு வேலைய உட்டுப்போட்டு வந்துட்டான். மாசமானா கை நெறையச் சம்பளம் வர்ற வேலைங்க. குப்பை பொறுக்கறதுக்காக உட்டுட்டு வந்தான். எம்பொண்ணக் கட்டிக்கிட்டவன்.

அப்பக்கூட நான் ஒண்ணும் சொல்லல. எனக்கென்ன வந்துது? ஆனா ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் விருந்துக்கு வந்திருந்தாங்க. நாட்டுக்கோழி அடிச்சு, எம் சம்சாரம் பூங்கொடி வேகு வேகுன்னு வெந்துபோய்ச் சமைச்சு வெச்சிருந்தா. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். இவரு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, ‘இனி வர்ற வண்டியிலெல்லாம் காந்தம் வெச்சுப் பாக்கற வேலையே இருக்காதுங்க மாமா’ன்னு. பூங்கொடியும் சிரிச்சா. ரஞ்சனியும் சிரிச்சா. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. எஞ்சோத்துல கைய வெச்சுக்கிட்டு எம் பொழப்பு முடிஞ்சுபோச்சுன்னு சொல்றான். நீங்க சொல்லுங்க, பொண்ணு குடுத்த மாமனாருகிட்டப் பேசற பேச்சா இது? அதுல தப்பா ஒண்ணும் சொல்லலையேன்னு பூங்கொடி இன்னைக்கும் சொல்றா. அவளுக்கு யாரு எதச் சொன்னாலும் தப்பாத் தெரியாது, நான் சொன்னா மட்டுந்தான் தெரியும்.

எம்பொண்ணும் அவன் பட்டறையிலயே போய் ஒக்காந்துக்கிட்டா. பி.காம். படிச்ச புள்ளைங்க. தலையெல்லாம் கருப்புத் தூசி, கையெல்லாம் அரிச்சுச் செவந்து கெடக்குது. ஒருக்கா போய்ப் பாத்தேன். ‘இதென்ன கண்ணு கெரகம்’னேன். ‘இதத் தூக்கிப் பாருங்கப்பா’ன்னு ஒரு பானெட்ட எடுத்து எங் கையில குடுத்தா. ஒத்தக் கையில எடுத்துக் குடுத்தாங்க. ரெண்டு ஆளு புடிச்சுக் கழட்டற பானெட்டு. வாங்கினேன். சொல்லப்படாது, பழத்தட்டு வாங்கற மாதிரி இருந்துச்சு. எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. நான், ‘காத்தடிச்சாப் பறந்துருமாட்ட இருக்குதே’ன்னேன். அவ மொகம் சுருங்கிப்போச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மனசுல பட்டதச் சொன்னேன்.

இருங்க, இருங்க. முக்கியமானதே இப்பத்தான் வருது.

ராக்கியண்ணன்னு ஒருத்தரு. பல்லடத்துல இருந்து ஏர்போர்ட்டுக்குப் போற டாக்ஸி பூராவும் அவருதுதான். அவரு வண்டிகளுக்கெல்லாம் கதவு, பானெட்டு, டிக்கி மூணையும் மாத்திக் குடுக்கறதுன்னு பேச்சு நடந்துது. எடை கொறைஞ்சாப் பெட்ரோல் கொறையும். டாக்ஸிக்காரனுக்கு அதுதானுங்களே சாமி. ராக்கியண்ணன் சரின்னுட்டார்னா சூலூர்க்காரன், அவினாசிக்காரன்னு பின்னாலயே வரிசையா வருவாங்க. அவரு வேண்டாம்னுட்டாருன்னா போட்ட மெசினக் கழட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான். அப்படி ஒரு கட்டம்.

ராக்கியண்ணன் வண்டிய வந்து பாக்கறதுக்கு முந்தின நாளு ரஞ்சனி இங்க வந்தா. நீங்க உக்காந்திருக்கற சேர்லதான் உக்காந்தா. ‘அப்பா, அவரு எல்லாத்துக்கும் சரின்னுட்டாருங்கப்பா. ஒண்ணுக்குத்தான் பயப்படறாரு. நாளைக்கு இந்த வண்டிகள விக்கறதுக்குப் போனா ஒவ்வொரு புரோக்கரும் காந்தத்த வெப்பாங்க, ஒட்டாது, பட்டின்னு சொல்லி ஒதுக்கிருவாங்கன்னு. நீங்க நாளைக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இது இரும்பில்ல, அதனால காந்தம் புடிக்காது, ஆனா நல்ல சரக்குன்னு. நீங்க சொல்லிட்டா இந்த ரோட்டுல எதுத்துப் பேச ஆளே கெடையாதுங்கப்பா’ன்னா.

எப்படிக் கேக்கறா பாருங்க. சரி, அவ கேக்கறா. கேக்க வேண்டியவன் யாரு? மாப்ள வந்து, மாமா, நீங்கதான் வந்து சொல்லோணும்னு நின்னு கேக்கோணுமா இல்லியா? அவரு வர மாட்டாராமா, பொண்டாட்டிய அனுப்புவாராமா. பொழுதோட போன் பண்ணினாருதான். நான் எடுக்கல. ரெண்டு வாட்டி பண்ணினாரு. போன்ல கேக்கற விசயமாங்க இது?

ரஞ்சனிகிட்ட நான் சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. ‘பாக்கலாம் போ கண்ணு’ன்னேன். அவ சரின்னு சொன்னதா எடுத்துக்கிட்டா. எங் கையப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போனா. தப்பாப் புரிஞ்சுக்கிட்டது அவ. அதுக்கு நான் எப்படிங்க பொறுப்பாவேன்?

மறுநா ராக்கியண்ணனோட கொடவுன் முன்னால கூட்டம். டாக்ஸிக்காரனுங்க, டிங்கர்காரனுங்க, என்னையாட்டப் புரோக்கருங்க, எல்லாரும் வந்து நிக்கறாங்க. டீ, வடை எல்லாம் அமக்களப்படுது. நடுவுல இந்த வெள்ளை வண்டி. கதவெல்லாம் மாப்ள பண்ணினது, பானெட்டு இவன் பண்ணினது. பெயிண்ட் அடிச்சு நிறுத்தியிருக்கான், ஷோரூம்ல இருந்து எறக்கினாப்ல இருக்குது. ஒரு கதவக் கழட்டி ரஞ்சனி கையில குடுத்தான். அவ ஒத்தக் கையில தூக்கிக்கிட்டுச் சுத்தியும் காட்டினா. அத்தனை பேரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தானுங்க. ராக்கியண்ணன் ஒரு சுத்தியல எடுத்துப் பானெட்டு மேல ஒரு போடு போட்டாரு. டப்புனு சத்தம் வந்துது, நெளியல. கை தட்டறானுங்க. இவன் சிரிக்கறான், அதே சிரிப்பு.

அப்பத்தான் ராக்கியண்ணன் எம் பக்கம் திரும்பினாரு. ‘என்னங் சென்னியப்பண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிச்சுக்கலாம்’னாரு. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. வடை தின்னுக்கிட்டு இருந்தவன் கூட வாய நிறுத்திட்டான்.

நான் போய்க் காந்தத்த எடுத்துக் கதவுல வெச்சேன்.

பழக்க தோசமுங்க. ஒரு வண்டி முன்னால போய் நின்னா எங் கை தானாப் பாக்கெட்டுக்குப் போகும். பூங்கொடி இல்லைங்கறா. ‘அன்னைக்குப் புதுச்சட்டை போட்டீங்க, பழைய சட்டையில இருந்து காந்தத்த எடுத்து அதுல போட்டுக்கிட்டுத்தானே கெளம்புனீங்க’ங்கறா. ஆமா, போட்டேன். பேனாவையும் எடுத்துத்தான் போட்டேன், கண்ணாடியையும் எடுத்துத்தான் போட்டேன். அதையெல்லாம் சொல்ல மாட்டேங்கறா.

காந்தம் நிக்குமா? வழுக்கிட்டு வந்து மண்ணுல விழுந்துது. எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. நான் சொன்னேன், பட்டி.

வெளையாட்டுக்குத்தானுங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். விருந்துல மாப்ள சிரிச்சுக்கிட்டுச் சொல்லலாம், நான் சொல்லப்படாதா? பின்னால ஒருத்தன் குபீர்னு சிரிச்சான். அப்புறம் ஒட்டுக்கா அத்தனை பேரும் சிரிச்சுப்போட்டாங்க. மாப்ள வந்து குனிஞ்சு காந்தத்த எடுத்தாரு. சட்டையில மண்ணத் தொடைச்சு எங் கையில குடுத்தாரு. ‘இது இரும்பில்லீங்க மாமா. உங்களுக்கே தெரியும்’னாரு. மெதுவா, எனக்கு மட்டும் கேக்கறாப்ல.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துருச்சு. அத்தனை பேர் முன்னால எனக்கே தெரியும்னு சொல்றான் பாருங்க, அப்ப நான் பொய் சொல்றவனா? நல்லாச் சத்தமாச் சொன்னேன், ‘எனக்கு என்னங்க தெரியும்? இந்தக் காந்தத்துக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்குத் தெரியும்’னு. ஒரே கைதட்டு. அந்த மாதிரி ஒரு வார்த்தை எம் வாயில வந்து விழுந்ததில்லீங்க. இன்னைக்கும் டீக்கடையில சொல்லுவாங்க.

ரஞ்சனி அந்தக் கதவப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. கீழ வெக்கவே மறந்துட்டா. எடை இருந்தாத்தானுங்களே கை வலிக்கும். என்னையப் பாத்தாளா, காந்தத்தப் பாத்தாளா, தெரியல. ‘அப்பா’ன்னு மட்டும் ஒரு தடவ சொன்னா. நான் என்ன கண்ணுன்னேன். கதவத் தூக்கிக்கிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போயிட்டா.

ராக்கியண்ணன் ஒரு வாரம் கழிச்சு, ‘உங்க மாமனாரே ஒத்துக்காத சரக்க நான் எப்படிங் தம்பி எடுக்கறது’ன்னு சொல்லி அனுப்பிட்டாராமா. இது நான் பண்ணினதா? அவரு பயந்தாங்கொள்ளி, அவரு பண்ணினது. அவரு வேண்டாம்னதும் சூலூர்க்காரனும் வேண்டாம்னுட்டான், அவினாசிக்காரனும் வேண்டாம்னுட்டான். நான் ஒருத்தன்கிட்டயும் போய்ச் சொல்லல. வேணும்னா மாரியாத்தா கோயில்ல வந்து கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்றேன்.

அப்புறம் ஊருக்குள்ள ஒரு பேரு வெச்சுட்டானுங்க. பட்டி மாப்ள. அவரு கடைக்குப் போனாப் பட்டி மாப்ள, பஸ் ஸ்டாண்டுல நின்னாப் பட்டி மாப்ள. அதையும் நான் சொல்லிக் குடுக்கல. எங்கிட்டயே வந்து, ‘என்னண்ணா, பட்டி மாப்ள சௌக்கியமா’ங்கறான் ஒருத்தன். சிரிச்சேன். சிரிக்காம என்ன, ஒப்பாரி வெக்கச் சொல்றீங்களா? நான் சிரிச்சதப் போய் யாரோ ரஞ்சனிகிட்டப் போட்டுக் குடுத்துட்டான். அவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சுதுன்னா இருக்குது அவனுக்கு.

ஒரு நாளு காத்தால மெசினெல்லாம் லாரியில ஏத்திட்டாங்க. ஓசூருக்குப் போறாங்களாமா. இந்த வண்டிய ரஞ்சனி ஓட்டிக்கிட்டு வந்து, இங்க, இதே எடத்துல நிறுத்தினா. நான் இந்த மேசைக்கிட்டத்தான் உக்காந்திருந்தேன். எம் பக்கம் திரும்பவே இல்ல. அவங்கம்மா கையில சாவியக் குடுத்து, ‘அப்பா இத வித்துரக் கூடாதும்மா, நான் வந்து எடுத்துக்கறேன்’னா. அவங்கம்மாகிட்டத்தான் சொன்னா. ஆனா எனக்குக் கேக்கற மாதிரித்தானுங்க சொன்னா. எனக்குத் தெரியும்.

அன்னையில இருந்து எம் போன எடுக்கறதில்ல. அடிச்சா ஒரு ரிங்கு, உடனே கட்டு. பூங்கொடிகிட்ட மட்டும் பேசறா. பொழுதன்னிக்கும் சமையக்கட்டுக்குள்ள குசுகுசுன்னு ரெண்டு பேருக்கும் நாயம். நான் தண்ணி குடிக்க உள்ள போனா, ‘சரி கண்ணு, வெச்சர்றேன்’னு வெச்சர்றா. எங் காசுல ரீசார்ஜ் பண்ணி, எம் ஊட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, எம்பொண்ணு கொரலு எங் காதுல உழுகக் கூடாதுன்னு வெச்சர்றா. என்ன ஊருங்க இது? அவங்க ரெண்டு பேரும் பண்ணறது உங்களுக்கு ஞாயமாத் தெரியுதா?

இந்த வண்டிக்கு மட்டும் நான் ஒரு கொறையும் வெக்கல. தகரக் கொட்டாய் போட்டிருக்கேன் பாருங்க, இதுக்காகத்தான் போட்டேன். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கழுவறது நான். இஞ்சின ஓட்டி வெக்கறதும் நான். போன ஐப்பசியில ஒரு குட்டியானை லோடு வண்டிக்காரன் ரிவர்ஸ் எடுக்கறேன்னு கொண்டாந்து கதவுல இடிச்சுட்டான். கதவு உள்ள போயிட்டு டொப்புனு வெளிய வந்துருச்சு. சின்னதா ஒரு கீறல், அவ்வளவுதான். இரும்புக் கதவா இருந்தா அப்பளமாயிருக்கும். நான் அந்தக் குட்டியானைக்காரனச் சட்டையப் புடிச்சு நாலு அறை அறைஞ்சேன். சரக்கு நல்ல சரக்குதானுங்க. நல்லால்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? பட்டின்னுதானே சொன்னேன்.

சரி, உங்க விசயத்துக்கு வாங்க. வந்ததுல இருந்து ஏதோ சொல்ல வர்றீங்க. டாக்ஸிக்குன்னா அந்த மூலையில ஒரு டீசல் வண்டி நிக்குது பாருங்க, அத எடுங்க. பட்டியே இல்லாத வண்டி.

என்னது, வண்டி வாங்க வரலையா?

அதென்ன கையில, சாவியா? இந்த வண்டிச் சாவி எங்கிட்டயல்ல இருக்குது? ரெண்டாவது சாவி யாரு குடுத்தா உங்களுக்கு?

ரஞ்சனியா?

ஓசூர்ல இருந்தா வர்றீங்க? அவங்க கம்பெனியில டிரைவரா? இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க? நான் எங்க பேச உட்டேன்னா கேக்கறீங்க? நல்லா இருக்குது நாயம், வாய் இருக்கற மனுசன் சொல்லோணும்.

இப்ப எதுக்கு அவளுக்கு இந்த வண்டி? ஓ. யாரோ பெரிய கார் கம்பெனிக்காரங்க இவங்ககிட்டக் கதவு, பானெட்டுப் பேனலு வாங்கப் போறாங்களா. ரெண்டு வருசம் வெயில்லயும் மழையிலயும் நின்ன பேனலு எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்னாங்களா. அடக் கெரகமே, இது எங்கீங்க வெயில்ல நின்னுது? ஒரு பொட்டு மழை பட உடலையே நான். பரவால்லியா? சரி, என்னமோ.

அதெல்லாம் இருக்கட்டும். வண்டியக் குடுக்க முடியாது. சாவி இருந்தா எடுத்துட்டுப் போயிருவீங்களா? கேட்டப் பூட்டிப்போட்டு உக்காந்துக்குவேன். வந்து எடுத்துக்கறேன்னு சொன்னவ அவ. அவ வரட்டும். ஊட்டுக்குள்ள வர வேண்டாம், ஒரு வா தண்ணி குடிக்க வேண்டாம், என்னையப் பாக்கக் கூட வேண்டாம். கேட்டுகிட்ட வந்து நின்னு, வண்டியக் குடுங்கன்னு அவ வாயால கேக்கட்டும். அப்பக் குடுக்கறேன்.

என்ன சொன்னா? இன்னொருக்காச் சொல்லுங்க.

‘அப்பா குடுக்கலைன்னா சண்டை போட வேண்டாம், விட்டுட்டு வந்துருங்க’ன்னா?

விட்டுட்டு வந்துருங்கன்னா சொன்னா? வண்டி வேண்டாமாமா? பொய் சொல்லாதீங்க. அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா. இது அவ கையால பண்ணின வண்டிங்க. கையெல்லாம் செவந்து போய், தூசியில உக்காந்து பண்ணினது. அத எப்படி உட்டுருவா? அவ எம்பொண்ணு, எனக்குத் தெரியாதா?

போனப் போடுங்க. ஆமா, இப்பவே, உங்க போன்ல. என்றதுல போட்டா எடுக்க மாட்டா. உங்கப்பா குடுக்க மாட்டேன்னு ரகளை பண்றாரு, கேட்டப் பூட்டிட்டாருன்னு சொல்லுங்க. நல்லா ஏத்திச் சொல்லுங்க. கத்துவா பாருங்க. எங் கோவம் அப்படியே அவளுக்கு. அப்பாகிட்டக் குடுங்க போனன்னு சொல்லி என்னையே கிழிச்சாலும் கிழிப்பா. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பேச மாட்டேன், சத்தியமாப் பேச மாட்டேன். கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்.

போகுது, போகுது. சொல்லுங்க, சொல்லுங்க.

வெச்சுட்டாளா?

‘சரிங்கண்ணா, பரவால்ல. சாப்பிட்டுப்போட்டுப் பஸ் ஏறி வாங்க.’ அவ்வளவுதானா? உங்களச் சாப்பிட்டு வரச் சொல்றா. நான் ஏன் குடுக்க மாட்டேங்கறேன்னு ஒரு வார்த்தை கேக்கலியே. கோவமே இல்லீங்களே கொரல்ல. கோவமாச்சும் இருக்கும்னு நெனைச்சேன்.

கொரலு கம்மியிருக்குது, கவனிச்சீங்களா? சளி புடிச்சிருக்குமாட்ட இருக்குது. ஓசூர் குளுரு அவளுக்கு ஆகாது. ரெண்டு வருசமாச்சுங்க, இந்தக் கொரலக் கேட்டு.

இந்தாங்க, என்ற சாவியையும் வெச்சுக்குங்க. எடுத்துட்டுப் போங்க. நெசமாத்தான் சொல்றேன், கேட்டத் தொறந்து உடறேன், ஓட்டிட்டுப் போங்க. இருங்க, எந்திரிக்காதீங்க. மொதல்ல இன்னொருக்கா போனப் போடுங்க. குடுத்துட்டாருன்னு சொல்லுங்க. வழியெல்லாம் கேளுங்க, எந்த ரோட்டுல வரட்டும், எங்க பெட்ரோல் போடட்டும்னு எதையாச்சும் கேளுங்க. சித்தெ நேரம் பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டு இந்த மேசை மேல வெச்சுருங்க.